ஊர்ப்படமும் உலக உருண்டையும்



தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு நிலப்படத்தையும் உலக உருண்டையையும் படிக்கக் கற்றுக்கொடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். கேட்ட மாத்திரத்தில் இது ஆசிரியர்களுக்கு மட்டுமே உரிய செய்தி என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. ஒரு பிள்ளைக்கு முதன்முதலில் எந்த ஊரின் படத்தைக் காட்டுகிறோமோ, அந்த ஊரையே அப்பிள்ளை உலகின் நடுவாகக் கொள்கிறது. 'இது என் மண், இது என் ஆறு' என்னும் எண்ணம் வேர் பிடிப்பது அங்கேதான். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த முதற்படம் எதுவாக இருந்தது, எதுவாக இருக்க வேண்டும் என்னும் கேள்விக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு.

வானொலியில் படம் காட்ட இயலாது. ஆகவே ஒரு தாளையும் பென்சிலையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் பிற்பகுதியில் அவை தேவைப்படும்.

முதலில் தமிழகத்தைப் பார்ப்போம். 1794-ஆம் ஆண்டு சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. அன்று அதில் சேர்ந்த மாணவர்கள் எட்டுப் பேர். அதுவே பின்னாளில் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியாயிற்று. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னாடு முழுவதும் அளக்கப்பட்டது. உயரமான குன்றுகளும் கோயில் கோபுரங்களும் அவர்களுக்கு அடையாள நிலைகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே கோணமானியை ஏற்றும்போது கயிறு நழுவியதால் அந்தப் பெருங்கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் மனந்தளராமல் அதைத் தாமே செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

இந்தச் செய்திகளை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நிலப்படம் என்பது நடந்தும் ஏறியும் அளந்தும் பெற்ற அறிவு. அதைப் பள்ளிக்குள் கொண்டு வந்தபோதோ, நடப்பதும் அளப்பதும் வெளியே நின்றுவிட்டன. பெயர்கள் மட்டுமே உள்ளே வந்தன.

அதே தஞ்சையில் அக்காலத்தில் ஆண்டவர் இரண்டாம் சரபோஜி மன்னர். சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பயின்றவர். 1798 முதல் 1832 வரை அரசு கட்டிலில் இருந்தவர். மேல்நாட்டு நூல்களையும் கருவிகளையும் தேடித் தொகுத்தவர். உலகப் பூகோளத்தைக் கற்பிக்க அவர் ஓர் அருமையான வழியைக் கண்டார். மராத்தி மொழியில் 'தேவேந்திர குறவஞ்சி' என்னும் நாடகத்தை இயற்றினார். குறவஞ்சி நாடகத்தில் குறத்தி தன் மலைவளத்தையும் தான் சென்று வந்த நாடுகளையும் எடுத்துரைப்பது வழக்கம் அல்லவா? சரபோஜியின் குறத்தி கண்டங்களையும் நாடுகளையும் எடுத்துரைக்கிறாள். புதிய கல்வி பழைய கூத்தின் வேடத்தில் வந்து நின்றது.

அடுத்து அச்சுப் புத்தகம் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றிய ரேனியஸ் பாதிரியார் எழுதிய 'பூமி சாஸ்திரம்' என்னும் தமிழ் நூல் 1832-இல் வெளியாயிற்று. பாதிரிமார் பள்ளிகளில் உலக உருண்டை மேசைமீது ஏறியது. பூமி தட்டை, அதைச் சூழ்ந்து பாற்கடலும் நெய்க்கடலும் உள்ளன என்னும் பழைய எண்ணத்தை மறுப்பதற்கு அந்த உருண்டை ஒரு கருவியாயிற்று. உலக உருண்டை இந்தியப் பள்ளிகளுக்குள் வந்த இந்தக் கதையை வரலாற்றாசிரியர் சுமதி ராமசாமி 2017-இல் ஒரு தனி நூலாகவே எழுதியுள்ளார்.

தஞ்சைக் குறத்தியும் பாதிரிமாரின் உருண்டையும் ஒரு வகையில் ஒன்றே. இரண்டும் தொலைவிலுள்ள உலகத்தைப் பிள்ளையின் முன் கொண்டு வந்து நிறுத்தின. பிள்ளை நின்ற இடத்திலிருந்து அந்த உலகத்துக்குச் செல்லும் வழியை அவை காட்டவில்லை.

அந்த வழியை ஐரோப்பாவில் சிலர் காட்டினர். ரூசோ 1762-இல் வெளியிட்ட 'எமில்' என்னும் நூலில், பிள்ளையின் பூகோளம் அவன் வாழும் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும், அவன் படத்தை அவனே வரைய வேண்டும் என்று கூறினார். சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாட்ஸி இதைச் செய்தே காட்டினார். இவர்தோன் என்னும் ஊரில் 1805 முதல் 1825 வரை அவருடைய பள்ளி நடந்தது. மாணவர்களை அருகிலுள்ள ஓர் ஓடைப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்வார்கள். முதலில் முழுப் பள்ளத்தாக்கையும் பார்க்கச் செய்வார்கள். பிறகு அங்கிருந்து களிமண்ணைத் தோண்டிக் கூடைகளில் எடுத்துவரச் சொல்வார்கள். பள்ளிக்குத் திரும்பியதும் நீண்ட மேசைகளின்மீது அந்தக் களிமண்ணால் அதே பள்ளத்தாக்கை மாணவர்கள் உருவாக்க வேண்டும். நாளுக்கு நாள் மேலும் சென்று பார்ப்பதும் மேலும் சேர்ப்பதுமாக வேலை நடக்கும். எல்லாம் முடிந்த பிறகே அச்சிட்ட நிலப்படத்தை அவர்கள் கண்ணில் காட்டுவார்கள். அப்போது அந்தப் படத்திலுள்ள ஒவ்வொரு கோடும் அவர்களுக்குப் பழகிய முகமாகத் தெரிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. ரப்பர் மரங்களின் நடுவே சிறு கொட்டகைகளில் தமிழ் எழுத்து ஒலித்தது. அந்தப் பள்ளிகள் இல்லையேல் இந்நாட்டில் தமிழ் இந்த அளவு நிலைத்திராது. அந்த நன்றியை மறக்கலாகாது. ஆயினும் அங்கே பயன்பட்ட பாட நூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவை. சிலாங்கூர்த் தோட்டத்துப் பிள்ளை காவிரியும் வைகையும் பாயும் ஊர்களை ஒப்பித்தது. ஆனால் தன் வீட்டுக்கு அருகே ஓடிய ஆற்றுக்குப் படத்தில் இடம் எது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. தாய் தந்தையர் பிறந்த நாட்டை அறிவது நன்று. தான் பிறந்த நாட்டை அறியாதிருப்பது நன்றன்று. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் மலாயாவை நடுவாகக் கொண்ட பொதுப் பாடத்திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகே நம் பிள்ளைகளின் புத்தகங்களில் கிள்ளான் ஆறும் கிளாந்தான் ஆறும் ஓடத் தொடங்கின.

பாடத்திட்டம் மாறிவிட்டால் போதுமா? போதாது. காவிரியை மனப்பாடம் செய்த இடத்தில் கிளாந்தானை மனப்பாடம் செய்தால் பெயர்கள்தாம் மாறின, முறை மாறவில்லை. இன்று கைத்தொலைபேசி 'இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு' என்று வழி சொல்கிறது. ஆகவே படம் படிக்கத் தெரியாத குறை வெளியே தெரிவதே இல்லை. வழி சொல்லக் கருவி இருப்பது வேறு, தான் நிற்கும் இடத்தைத் தான் அறிவது வேறு.

சரி, இப்பொழுது தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாடம் மஸ்ஜித் இந்தியாவில் தொடங்குகிறது.

தாளின் நடுவில் ஒரு கவட்டைக் குச்சியை வரையுங்கள். கைப்பிடி கீழே, இரு கிளைகள் மேலே. இடக்கிளை கோம்பாக் ஆறு. வலக்கிளை கிள்ளான் ஆறு. இரண்டும் கூடும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கே 1909-இல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமெக் நிற்கிறது. அதற்குச் சற்று மேலே, இரு கிளைகளுக்கும் இடையில், இன்னொரு புள்ளி. அதுவே மஸ்ஜித் இந்தியா. தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசலும், துணிக்கடைகளும் நகைக்கடைகளும் உணவுக்கடைகளும் நிறைந்த தெருவும். அதற்கு இடப்பக்கத்தில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். இடக்கிளைக்கு அப்பால் மெர்டேக்கா சதுக்கம். கைப்பிடி வழியே கீழே இறங்கினால் ஆற்றையொட்டிப் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ஆறு மேற்கே திரும்பி, ஷா ஆலாம், கிள்ளான் என்று சென்று கடலில் கலக்கிறது. தாளின் மேற்பக்கத்தில் 'வடக்கு' என்று எழுதிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு நிலப்படம் ஆயிற்று!

இந்தப் படத்தில் வரலாறும் இருக்கிறது. 1857-இல் ஈயம் தேடிய சீனத் தொழிலாளர்கள் படகில் கிள்ளான் ஆற்றின் வழியே மேலேறி வந்து, இந்தக் கூடலில் இறங்கி, அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள். படகு நின்ற இடத்தில் கடை எழுந்தது. கடை எழுந்த இடத்தில் நகரம் எழுந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்த பிறகு, அத்தாப்பு வீடுகளுக்கு மாறாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை வந்தது. 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. பிரிக்பீல்ட்ஸ் சாலை ஜாலான் துன் சம்பந்தன் ஆயிற்று. வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் பழைய பெயர்களைக் கேட்டு வந்து, புதிய பெயருக்குக் கீழே எழுதச் சொல்லுங்கள். பூகோளப் பாடம் வரலாற்றுப் பாடமும் ஆகிவிடும்.

நம் நாட்டு ஊர்ப்பெயர்களிலேயே படக்குறிப்பு ஒளிந்திருக்கிறது. 'கோலா' என்றால் கூடல் அல்லது முகத்துவாரம், 'புக்கிட்' குன்று, 'சுங்கை' ஆறு, 'தஞ்சோங்' கடல்முனை, 'பூலாவ்' தீவு. கோலாலம்பூர் என்பதற்குச் சேற்றுக் கூடல் என்று பொருள். தமிழில் துறை, பட்டினம், குறிச்சி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் நிலத்தைச் சொல்வது போலவே, மலாய்ப் பெயர்களும் நிலத்தைச் சொல்கின்றன. இவ்வைந்து சொற்களைக் கற்ற பிள்ளை படத்தைப் பார்க்காமலே பாதிப் படத்தை அறிந்துகொள்கிறது.

ஆசிரியர்கள் இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மேலிருந்து பார்க்கும் பார்வை. சிறு பிள்ளை வீட்டை வரையச் சொன்னால் கதவும் சன்னலும் வரையும். நிலப்படமோ பறவை பார்க்கும் பார்வை. ஒரு தீப்பெட்டியைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, பெட்டியை எடுத்துவிட்டால் எஞ்சுவது அதன் படம். அடுத்து மேசை, அடுத்து வகுப்பறை, அடுத்து பள்ளித் திடல் என்று செல்லலாம். பிள்ளைகள் முதலில் 'எதற்குப் பக்கத்தில் எது' என்பதையே அறிகிறார்கள், அளவும் கோணமும் பிறகே விளங்குகின்றன என்று பியாஜே 1948-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆகவே முதற்படத்தில் அளவு தவறினால் கண்டிக்க வேண்டா.

இரண்டாவது, அளவை. லாம்டன் சங்கிலியால் அளந்தார். நம் பிள்ளை காலடியால் அளக்கட்டும். பத்து அடி வைப்புக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பள்ளித் திடல் ஒரு தாளில் அடங்கிவிடும். உயரமான பையனின் படமும் குட்டைப் பையனின் படமும் அளவில் வேறுபடும். 'ஏன்?' என்று கேளுங்கள். எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் ஏன் தேவை என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, திசை. படத்தைச் சுவரில் மாட்டியவுடன் வடக்கு 'மேலே' போய்விடுகிறது, தெற்கு 'கீழே' வந்துவிடுகிறது. ஆறு எப்போதும் மேலிருந்து கீழே ஓடும், ஆகவே வடக்கிலிருந்து தெற்கே ஓடும் என்று பிள்ளை எண்ணுகிறது. அப்படியானால் கிளாந்தான் ஆறு வடக்கு நோக்கி ஓடி, கோத்தா பாருவைக் கடந்து கடலில் கலப்பது எப்படி? முதற்சில வாரங்கள் படத்தைத் தரையில் விரியுங்கள். படத்தின் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்கட்டும். பிள்ளைகள் சுற்றி அமர்ந்து பார்க்கட்டும்.

உண்மையான வடக்கை எப்படிக் கண்டறிவது? திடலில் ஒரு கம்பை நட்டு நிழலைக் குறியுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரம் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி அன்று. கோலாலம்பூரில் அது ஒன்றேகால் மணி அளவில் வரும். ஆண்டில் சில வாரங்கள் சற்று முன்னும் சில வாரங்கள் சற்று பின்னும் இருக்கும். காரணம், நம் கடிகாரம் கிழக்கு 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாமோ 101 பாகை 42 கலையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சபா சரவாக்குடன் ஒரே நேரமாக இருக்கும்பொருட்டுத் தீபகற்பத்தில் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு அது நினைவிருக்கும்.

இன்னொரு புதுமை. ஜூன் மாத நடுப்பகலில் நம் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் வடக்கே விழும். மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சில நாட்கள் நிழல் காலடியிலேயே ஒடுங்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகை அளவில் வாழ்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது.

இந்த ஆற்றுப்படம் வெறும் பள்ளி விளையாட்டும் அன்று. 1971 ஜனவரியில் பெருவெள்ளம் கோலாலம்பூரை மூழ்கடித்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளில் வெள்ளம் வீடுகளின் மேல்மாடி வரை ஏறி, மக்கள் கூரைகளில் காத்திருந்தார்கள். தன் வீடு ஆற்றின் எந்தப் பக்கம், மேடு எந்தத் திசையில், தண்ணீர் எந்த வழியாக வரும் என்று அறிந்த பிள்ளை அந்த நேரத்தில் ஒரு குடும்பத்துக்கே வழிகாட்ட முடியும். மேட்டையும் பள்ளத்தையும் களிமண்ணில் செய்து பார்த்த கைகளுக்கு அந்த அறிவு எளிதில் வரும்.

ஊர்ப்படம் முடிந்த பிறகுதான் உலக உருண்டை வர வேண்டுமா? இங்கே நான் பெஸ்டலாட்ஸியின் வழியிலிருந்து சற்றே விலகுகிறேன். நம் ஊர்ப்பிள்ளைகளுக்கு உலகம் தொலைவில் இல்லை. மஸ்ஜித் இந்தியாவில் தொழுகைக்கு நிற்பவர்கள் ஒரு திசையை நோக்கி நிற்கிறார்கள். அந்தத் திசை மக்காவை நோக்கியது. அங்கே உருண்டைக்கு வேலை வந்துவிடுகிறது.

முதலில் சுவர்ப்படத்தை எடுத்து, கோலாலம்பூருக்கும் மக்காவுக்கும் இடையே அளவுகோலால் ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோடு மேற்கிலிருந்து ஏறத்தாழ 17 பாகை வடக்கே சாயும். யாழ்ப்பாணத்தை ஒட்டிச் செல்லும். இப்போது உலக உருண்டையில் அதே இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுகப் பிடியுங்கள். நூல் யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை! கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையே தமிழகக் கரையைத் தொடுகிறது. கோலாலம்பூரில் அதன் சாய்வு மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 22½ பாகை. கோலாலம்பூர்ப் பள்ளிவாசல்களின் தொழுகைத் திசையும் இதுவேதான். தொலைவு சுமார் 7,000 கிலோமீட்டர்.

சுவர்ப்படம் பொய் சொல்லிற்றா? இல்லை. உருண்டையான பொருளின் தோலைத் தட்டையாக விரித்தால் எங்காவது இழுபட்டே தீரும். ஒரு கிச்சிலிப் பழத் தோலை மேசையில் அழுத்திக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். மெர்க்கேட்டர் 1569-இல் வரைந்த உலகப்படம் மாலுமிகளுக்குப் பெருந்துணை. ஆனால் அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. ஒவ்வொரு படமும் ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டது. எந்த வேலைக்கு எந்தப் படம் என்று கேட்கக் கற்பிப்பதே படப் பயிற்சியின் முடிந்த நிலை. வகுப்பில் உலக உருண்டை இல்லையென்றால் ஒரு பந்தில் நிலநடுக்கோட்டையும் நான்கைந்து ஊர்களையும் குறித்துக்கொண்டாலும் நூல் பாடம் நடத்தலாம்.

அந்த நூலை இன்னொரு முறை பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட அது வங்கக் கடலைக் கடந்து தமிழகக் கரையைத் தொட்டு, அப்பாலும் செல்கிறது. தோட்டப் பள்ளியின் பழைய புத்தகம் காட்டிய தமிழகமும் இதே உருண்டையில்தான் இருக்கிறது. அதை நாம் அழிக்க வேண்டியதில்லை. நூலின் ஒரு முனையை மட்டும் பிள்ளை நிற்கும் இடத்தில் ஊன்றினால் போதும். தன் ஊரில் ஊன்றி நிற்கும் பிள்ளைக்கு முன்னோர் ஊரும் தெளிவாகத் தெரியும். உலகமும் தெளிவாகத் தெரியும்.

ஆகவே பெற்றோர்களே, வரும் விடுமுறையில் மஸ்ஜித் இந்தியாவுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ கிள்ளானுக்கோ துணி வாங்கச் செல்லும்போது, பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுங்கள். ஆறு எந்தப் பக்கம், சூரியன் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஆசிரியர்களே, அந்தத் தாளை மறுநாள் வகுப்பில் வாங்கிப் பாருங்கள். கோடு கோணலாக இருக்கலாம். ஆனால் அது அந்தப் பிள்ளை தானே கண்டு வரைந்த நாடு.